ஒன்றரை லட்சத்துக்கு எந்தக் கீபோர்டு? அதற்கு முன்னால் ஒயரைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி இது: "எட்டு வருடமாக வீட்டிலும் சர்ச்சிலும் யமஹா பி.எஸ்.ஆர். வாசிக்கிறேன். எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் ஆடி மாதத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கீபோர்டு வாங்கலாம்? லேப்டாப் வைத்து வாசிக்கலாமா? இரண்டு கச்சேரிக்குச் சும்மா போய் வாசித்துப் பார்த்தேன். வீட்டில் ஹெட்போனில் அவ்வளவு நன்றாக இருக்கிற சவுண்ட் மேடையில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை."

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் ஒன்றரை லட்சத்தை எங்கே போடுவது என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

நான் இருபத்திரண்டு வருடமாக மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சி விழா என்று எல்லாவற்றுக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் ஆறேழு வருடம், கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் கீபோர்டை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் யாராவது செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டுவார்கள். அதில் என் பியானோ மட்டும் பழைய மாதிரியே தகரம் தட்டியது போலக் கேட்கும். கீபோர்டில் குறை இல்லை, அங்கிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் போகிற வழியில்தான் குறை என்று புரிய எனக்கு அத்தனை வருடமும் அத்தனை பணமும் ஆனது.

முதலில் ஸ்டீரியோ. ஹெட்போனில் பியானோவின் கீழ்க் கட்டைகள் ஒரு காதிலும் மேல் கட்டைகள் இன்னொரு காதிலும் விரிந்து கேட்கும். அந்தப் பியானோவைப் பதிவு செய்தபோது இரண்டு மைக் வைத்திருப்பார்கள். ஒரே ஸ்வரம் இரண்டு மைக்குக்கும் மிகச் சின்ன நேர வித்தியாசத்தில் போய்ச் சேரும். தனித்தனிக் காதில் கேட்கும்வரை அந்த வித்தியாசம்தான் அழகு. நம் ஊர் மேடையில் மைக் செட்காரர் உங்களுக்கு ஒரே ஒரு சேனல் தருவார். இரண்டு தந்தாலும் இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தம்தான் போகும். அதில் தப்பும் இல்லை. இடது ஓரம் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு உங்கள் வலது கை கேட்க வேண்டாமா? ஆனால் இரண்டு சிக்னலையும் ஒன்றாகக் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மிச்சம் இருப்பதுதான் அந்தத் தகரம்.

இதற்குச் செலவே இல்லாத வைத்தியம் ஒன்று உண்டு: கலந்தாலும் கெடாத டோனை வீட்டிலேயே தேர்ந்தெடுப்பது. பின்பக்கம் எல்/மோனோ என்று எழுதியிருக்கும் ஓட்டையில் மட்டும் ஒயரைச் சொருகுங்கள். பெரும்பாலான கீபோர்டுகள் அப்போது தாமாகவே இரண்டையும் கலந்து ஒன்றாகக் கொடுக்கும். அதை வீட்டிலேயே ஒரே ஒரு ஸ்பீக்கரில் விட்டு, இருக்கிற பியானோ டோன்களையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஹெட்போனில் ராஜாவாக இருந்தது இதில் சோப்ளாங்கியாக இருக்கும். ஹெட்போனில் சுமாராக இருந்த ஏதோ ஒன்று கணீரென்று நிற்கும். மேடைக்கு அதுதான்.

மோனோ என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.7-க்கு ஒரே ஒரு அவுட்புட்தான், அதுவும் மோனோ. எக்கோ, பெரிய ஹாலில் வாசித்த மாதிரி முழங்க வைக்கிற ரிவெர்ப் எதுவும் உள்ளே கிடையாது. ஒரே நேரத்தில் 16 ஸ்வரம்தான் பேசும். எண்பதுகளின் பாதிப் பாட்டுகளில் மணி மாதிரி ஒலிக்கிற அந்த எலெக்ட்ரிக் பியானோவை உலகத்துக்குக் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

அடுத்தது சத்தத்தின் அளவு. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. மனிதக் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ்ச் சுருதிகள் அதிகமாகவே மங்கிக் கேட்கும், சத்தம் கூடக்கூட அவை மேலே ஏறி வந்துவிடும் என்பது அதன் சாரம். நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி எல்லாரும் தூங்கியபிறகு, மெதுவான சத்தத்தில் டோன் செய்கிறோம். பேஸ் குறைவாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது, ஏற்றி வைக்கிறோம். அதே டோன் பதினெட்டு இன்ச் ஸ்பீக்கரில் போனதும் பேஸ் கிடாரையும் டிரம்ஸையும் சேர்த்து மூழ்கடிக்கிறது. சவுண்ட்காரர் பொறுமை இழந்து உங்கள் சேனலை மொத்தமாக இறக்குகிறார். உங்கள் சவுண்ட் "எங்கே போகிறது" என்று கேட்டீர்களே, பாதி நேரம் இங்கேதான் போகிறது. டோனை மேடைச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும். வீட்டில் முடியாது என்றால் ஒத்திகை நடக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பேஸ் கிடார் இருக்கிற குழுவில் உங்கள் இடது கை சும்மா இருப்பதும் ஒரு வாசிப்புதான். பழக்கதோஷத்தில் கீழே ஆக்டேவ் பிடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்காரர் முதல் இடைவேளையிலேயே திரும்பிப் பார்ப்பார்.

ரிவெர்ப்பையும் இதே கணக்கில் குறைத்துவிடுங்கள். கிரானைட் தரையும் கண்ணாடி ஜன்னலுமாக இருக்கிற கல்யாண மண்டபம் தன் பங்குக்கு நிறையவே கொடுக்கும். அதற்கு மேல் நாம் வேறு ஊற்ற வேண்டாம். திறந்தவெளித் திருவிழாவில் வேண்டுமானால் மிக்ஸரில் போட்டுக்கொள்வார்கள்.

இனி, டோனுக்கு டோன் சத்தம் மாறுகிற பிரச்சினை. இது மெல்லிசைக்காரர்களுக்கே உரிய தலைவலி. ராக் பேண்டில் வாசிக்கிறவர் ஒரு பாட்டு முழுக்க ஒரு பியானோ, ஒரு ஆர்கன் வைத்து ஓட்டிவிடலாம். நாம் சினிமாப் பாட்டு வாசிக்கிறோம். முகப்பிசையில் ஸ்ட்ரிங்ஸ், அதன் மேல் புல்லாங்குழல், பல்லவி முடிந்ததும் ஒரு மணிச் சத்தம், முதல் பி.ஜி.எம்.மில் சாக்ஸ், இரண்டாவதில் நாதஸ்வரம். ஸ்டுடியோவில் நாற்பது பேர் வாசித்ததை இரண்டு கை வாசிக்கிறது. இதில் ஸ்ட்ரிங்ஸ் மெதுவாகவும் குழல் காதைக் கிழிக்கிற மாதிரியும் வந்தால், சவுண்ட்காரர் பாவம் எதை நம்பி ஃபேடரை வைப்பார்? கீபோர்டின் மொத்த வால்யூமை முக்கால் அளவில் நிறுத்துங்கள். கச்சேரி முடியும்வரை அதைத் தொடவே கூடாது. வால்யூமைக் கால்வாசியில் வைத்தால் அவர் மிக்ஸரில் கெயினைக் கூட்டுவார், கூடவே இரைச்சலும் ஏறும். முழுதாக வைத்தால் நீங்கள் இரண்டு கையாலும் அடிக்கும்போது உடையும். ஒவ்வொரு டோனின் அளவையும் அந்தந்த டோனுக்குள்ளேயே சரிசெய்து சேவ் செய்யுங்கள். பாட்டுக்குள் ஏற்ற இறக்கத்துக்குக் காலில் ஒரு எக்ஸ்பிரஷன் பெடல். இதை மட்டும் செய்துவிட்டுப் போங்கள், சவுண்ட்காரர் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

சரி, ஒயர். கீபோர்டிலிருந்து வருகிற, கால் இன்ச் பின் வைத்த பி-38 ஒயரில் ஒரு சிக்னல் கம்பியும் அதைச் சுற்றி ஒரு வலையும்தான் இருக்கும். ஐந்தாறு மீட்டர் வரைக்கும் சமாளிக்கும். மிக்ஸரோ மேடைக்கு எதிரே முப்பது மீட்டரில் இருக்கிறது. நடுவில் சீரியல் லைட் ஒயர், ஜெனரேட்டர் ஒயர் எல்லாம் இதன் மேலேயே கிடக்கும். அவற்றின் 50 ஹெர்ட்ஸ் உறுமலை இந்த ஒயர் வாங்கிக்கொண்டு போய்ச் சேரும். மைக் ஒயர் அப்படி இல்லை. அதன் முனையில் இருக்கிற கேனன் பின்னில் மூன்று கம்பி; ஒரே சிக்னல் நேராக ஒன்றிலும் தலைகீழாக இன்னொன்றிலும் போகும். வழியில் சேர்ந்த இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மட்டும் அடிபட்டுப் போகும், சிக்னல் நிற்கும். பி-38-ஐக் கேனனாக மாற்றித் தருகிற சின்னப் பெட்டிதான் டி.ஐ. பாக்ஸ். கீபோர்டின் சிக்னல் ஏற்கெனவே பலமானது என்பதால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் டி.ஐ. போதும். பேட்டரி வேண்டாம், மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் வேண்டாம், கீழே விழுந்தாலும் சாகாது.

டி.ஐ. மைக் செட்காரரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருக்கும், ஆனால் லீட் கிடாருக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று கொடுத்தபின் உங்களுக்கு மிஞ்சாது. உங்கள் பையில் உங்களுடையது ஒன்று இருக்கட்டும். அதன் பக்கவாட்டில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். உங்கள் பிளக் பாயிண்டின் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் இறங்கும்போது, ஆடியோ ஒயரின் வலை வழியாக ஒரு சுற்று உண்டாகி ஹம் அடிக்கும். அந்த சுவிட்ச் வலையைத் துண்டித்துவிடும். சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஹம் வந்தால் "பிளக்கில் மூன்றாவது பின்னை உடைத்துவிடு, போய்விடும்" என்று சொல்ல ஒரு அண்ணன் எல்லா மேடையிலும் இருப்பார். ஹம் போய்விடும், உண்மைதான். அந்தப் பின்தான் ஷாக்கிலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறது என்பது அவருக்குத் தெரியாது. மைக்கில் உதடு பட்ட பாடகர் ஒருவர் துள்ளிப் பின்னால் விழுந்ததைப் பத்தடி தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். உடைக்காதீர்கள்.

கரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் ஒரு கீபோர்டையே இழந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பங்குனித் திருவிழா. இரண்டாவது பாட்டு. சரணத்தில் இருக்கும்போது மேடைக்கு எதிரே ஒரு வரிசை பல்பு பளிச்சென்று பிரகாசமானது. பக்கத்து வரிசை அப்படியே மங்கியது. டான்ஸ் லைட் என்று நினைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். நாலு எண்ணுவதற்குள் காலடியில் பட்டென்று ஒரு சத்தம், எரிந்த பிளாஸ்டிக் வாசனை, கீபோர்டின் ஸ்கிரீன் இருட்டு. ஜெனரேட்டரிலிருந்து வருகிற மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றிருக்கிறது. நியூட்ரல் போனால் ஒரு ஃபேஸில் லோடு குறைவாக இருக்கிற பக்கத்துக்கு 230 வோல்ட் போய் 350, 400-ஐ நோக்கி ஏறும். லோடு அதிகம் இருக்கிற பக்கம் இறங்கும். நான் பிளக் செய்திருந்தது ஏறின பக்கம். அன்றிலிருந்து சில பல்பு பிரகாசமாகிச் சில பல்பு மங்கினால், பாட்டு நடுவில் இருந்தாலும் கை தானாக சுவிட்ச்சுக்குப் போய்விடுகிறது.

இருநூறு முன்னூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பிளக்கைச் சொருகுமுன் அளந்து பாருங்கள். நம் அடாப்டர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று மேலேயே அச்சடித்திருக்கும். மீட்டர் 250-க்கு மேல் காட்டினால் லைன் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்கும்வரை சொருகாதீர்கள். லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இருந்தால் பிரித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் பல சமயம் செய்து தருவார்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்று கீபோர்டுக்கு. ஜெனரேட்டர் மாற்றும்போது கரண்ட் ஒரு நொடிதான் போகும், ஆனால் கீபோர்டு அணைந்து மறுபடி உயிர் பெறும்வரை பாடகர் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அப்புறம் அடாப்டர். ஒரு கம்பெனிக்கு 9 வோல்ட், இன்னொன்றுக்கு 12. ஒன்றில் நடுப்பின் பாசிடிவ், ஒன்றில் நெகடிவ். பின் மட்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்து தொலைக்கும். என் வீட்டு அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, கீபோர்டின் ஓட்டைக்குப் பக்கத்திலும் அதற்குரிய அடாப்டரிலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். இருட்டில் டார்ச் அடித்தால் தெரியும்.

மானிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். சத்தம் காற்றில் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லி நொடி. மேடை ஓரத்தில் ஆறு மீட்டர் தள்ளி நிற்கிற பாக்ஸில் உங்கள் வாசிப்பைக் கேட்டால் 17, 18 மில்லி நொடி தாமதமாகக் கேட்கிறீர்கள். மெலடியில் தெரியாது. குத்துப் பாட்டில் கார்ட் அடிக்கும்போது, நாம் பின்னால் இழுக்கிற மாதிரித் தோன்றி அவசரப்பட ஆரம்பிப்போம். எலெக்ட்ரானிக் பேட் வாசிக்கிறவர் முறைப்பார். இதற்கு இரண்டு வழி. ஒன்று, உங்கள் பக்கத்திலேயே ஒரு கீபோர்டு ஆம்ப். நல்லதுதான், ஆனால் இன்னொரு பதினைந்து இருபது கிலோவைத் தூக்க வேண்டும். இரண்டாவது, காதில் மாட்டுகிற இயர் மானிட்டர். கீபோர்டுக்காரர் ஒரே இடத்தில் நிற்கிறவர், ஆடிப் பாடப் போவதில்லை. வயர்லெஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இடுப்பில் மாட்டுகிற சின்ன ஒயர் ஆம்ப்பும் சுமாரான ஒரு இயர்போனும் போதும். இப்போது வாடகைக்கு வருகிற டிஜிட்டல் மிக்ஸர்களில், பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி, உங்களுக்கென்று தனி மிக்ஸ் ஒன்று, ஆக்ஸ் என்பார்கள், எடுத்துத் தர முடியும். வாய்ப்பாட்டு, பேஸ், கொஞ்சம் டிரம்ஸ், உங்கள் கீபோர்டு என்று கேட்டு வாங்குங்கள். "அண்ணே, ஒரு ஆக்ஸ் மட்டும் குடுங்கண்ணே" என்று சாயங்காலமே கேட்க வேண்டும். பாட்டு தொடங்கியபிறகு மேடையிலிருந்து கையைக் கையை ஆட்டினால் யாருக்கும் புரியாது.

இயர் மானிட்டரில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காதில் வாசிக்கிற பழக்கம் வேண்டாம். கழற்றிய காது மேடைச் சத்தத்தை முழுதாக வாங்கும். மாட்டிய காதில் அதோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்றுவீர்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிற கணக்கு, 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாலு மணி நேரம் நிற்கிற நமக்கு இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். எனக்கு இடது காதில் பத்து வருடமாக ஒரு சீட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. கிராஷ் சிம்பல் எப்போதும் என் இடது பக்கம்தான்.

இப்போது கீபோர்டு. மாடல் பெயர்கள் வருடா வருடம் மாறும், அதனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

உங்கள் குழுவில் டிரம்ஸும் பேடும் தபேலாவும் இருந்தால் ரிதம் ஸ்டைல் ஓடுகிற அரேஞ்சர் கீபோர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். யமஹா பி.எஸ்.ஆர்., கோர்க் பி.ஏ. வரிசை எல்லாம் அந்த ரகம். பாடகர் ஒருவர், நீங்கள் ஒருவர் என்று இரண்டு பேர் போய் ரிசப்ஷனை ஒப்பேற்றுகிற பிழைப்பு என்றால் அதுதான் சோறு போடும். முழுக் குழுவில் அதில் பாதி பட்டனைத் தொடவே மாட்டீர்கள். உங்களுக்குத் தேவை சிந்தசைசர் வகை. டோனைத் திருத்தவும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவும், கட்டைகளை இடம் பிரித்து வைக்கவும் அதில்தான் வசதி. இடது பக்கம் ஸ்ட்ரிங்ஸ், நடுவில் குழல், கடைசி ஆக்டேவில் மணி.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது முதலில் இதைச் செய்யுங்கள்: ஒரு ஸ்ட்ரிங்ஸ் கார்டைப் பிடித்துக்கொண்டே அடுத்த டோனுக்கு பட்டனை அழுத்துங்கள். பிடித்திருக்கிற சத்தம் கத்தரித்தது போல நிற்கிறதா, தொடர்ந்து ஒலித்துவிட்டு இயல்பாக அடங்குகிறதா? பழைய கீபோர்டுகளில் நிற்கும். நம் பாட்டில் பி.ஜி.எம். முடிகிற கடைசி ஸ்வரத்தின் மேலேயே சரணம் தொடங்கும்; அங்கே கத்தரித்தால் ஊருக்கே தெரியும். யமஹா மோடெக்ஸ், கோர்க் க்ரோனோஸ், நோர்ட் ஸ்டேஜ் இவற்றில் எல்லாம் இதற்கென்றே வசதி செய்திருக்கிறார்கள். அடுத்து, பாட்டு வரிசைப்படி டோன்களை ஒரே பட்டனில் வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐயாயிரம் டோன் இருப்பதால் பிரயோஜனம் இல்லை. தேவையானது ஒரு நொடியில் விரலுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, சுருதியை வளைக்கிற பெண்டர். புல்லாங்குழலும் நாதஸ்வரமும் வாசிக்கிற நமக்குக் கமகம் முழுக்க இடது கையில்தான். ரோலண்டில் ஒற்றை நெம்புகோல். பக்கவாட்டில் தள்ளினால் சுருதி வளையும், முன்னால் தள்ளினால் அதிர்வு வரும். யமஹாவில் இரண்டு சக்கரம். கோர்க்கில் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக். எனக்கு ரோலண்ட் நெம்புகோல்தான் கைக்குப் பேசும். விட்டவுடன் நடுவுக்கு வந்துவிடும், ஒரே கட்டைவிரலில் அசைவும் வளைவும் சேர்ந்து வரும். என் நண்பர் சக்கரத்தில்தான் தோடி வருகிறது என்பார். இதில் சண்டை போட ஒன்றும் இல்லை, வாசித்துப் பார்த்து எடுங்கள்.

எடையை யாரும் யோசிப்பதில்லை. ரோலண்ட் ஜூனோ டி.எஸ்-61 வெறும் 5.3 கிலோ, சார்ஜ் செய்கிற ஏஏ பேட்டரி எட்டு போட்டாலும் ஓடும். மோடெக்ஸ்7, 76 கட்டையோடு 7.4 கிலோ. அதே மோடெக்ஸ்8, பியானோ மாதிரி கனமான 88 கட்டையோடு 13.8 கிலோ, பெட்டியோடு சேர்த்து எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வேனின் மேல் ஏற்றும்போது அந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். கனமான கட்டையில் வீணை, குழல் வேகப் பிடிகளும் சுலபமாக வராது. மெல்லிசைக்கு 61 போதும், 76 என்றால் சௌகரியம். நோர்ட் கேட்டிருப்பீர்கள். பியானோவுக்கும் ஆர்கனுக்கும் அதை அடிக்க ஆளில்லை, நானும் ஆசைப்பட்டவன்தான். ஆனால் ஒரே கீபோர்டில் பதினைந்து வாத்தியம் வாசிக்கிற வேலைக்கு, அந்த விலைக்கு, முதல் கீபோர்டாக அதை நான் சொல்ல மாட்டேன். இந்தியச் சந்தையை நினைத்தே வருகிற ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ். வரிசையையும் பாருங்கள், இந்திய வாத்திய வகையறா கையோடு கிடைக்கும். உங்கள் பட்ஜெட்டில் என் கை முதலில் போவது மோடெக்ஸ் அல்லது ஜூனோ டி.எஸ். பக்கம்தான்.

வாசிப்பை அப்படியே வேறு சுருதிக்கு ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனோடு ஜாக்கிரதை. பாடகியின் சுருதி ஐந்தரைக் கட்டை, பாடகர் ஒரு கட்டை, டூயட்டில் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. அவசரத்தில் எல்லாரும் டிரான்ஸ்போஸ் போடுவோம், நானும் போடுவேன். ஒரு தடவை மேலே ஒன்று போட்டதை எடுக்க மறந்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். முகப்பிசை என் தனி வாசிப்பு. எட்டு பார், எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடகர் என் சுருதியையே பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். பேஸும் கிடாரும் நுழைந்தார்கள், அரைக்கட்டை கீழே. அந்த இரண்டு வினாடி சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இப்போது டிரான்ஸ்போஸை டோனுக்குள்ளேயே சேவ் செய்துவிடுகிறேன். அடுத்த பாட்டுக்கு மாறினால் அதுவும் மாறிவிடும்.

லேப்டாப்பில் வாசிக்கலாமா? சத்தத்தில் குறையே இல்லை. தாமதமும் பெரிதாக இல்லை. லேப்டாப்பிலிருந்து சத்தத்தை வெளியே எடுக்கிற நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (சத்தத்தை அனுப்புமுன் லேப்டாப் சேர்த்து வைக்கிற அளவு) வைத்தால் அந்த பஃபருக்கு 2.7 மில்லி நொடிதான், ஒரு மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்ததற்குச் சமம். எனக்குப் பயம் வேறு. மே மாத மேடையில், அத்தனை லைட்டுக்குக் கீழே, தூசியும் ஈசலும் மேலே விழ, யு.எஸ்.பி. ஒயர் யாருடைய காலாவது பட்டுக் கழலக் காத்திருக்க, லேப்டாப் ஒன்றை முழுதாக நம்ப என்னால் முடியாது. ஏ.சி. ஹாலில் வாசிக்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். கோரஸோ ட்ராக்கோ ஓட்டுவதற்கு மட்டும் லேப்டாப் வைத்திருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜர் போட்டால் வருகிற அந்த "ஙொய்ய்" சத்தம் பாதிக்குப் பாதி அதோடு போய்விடும். மீதிக்கு அதே டி.ஐ.

ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்ததிலிருந்து இரவு 10 மணி என்பது நம் தொழிலின் கடிகாரம். திருவிழாவுக்கு வருடத்தில் சில நாள் 12 மணிவரை அரசு அனுமதி கொடுக்கலாம், மற்றபடி பத்தடித்தால் போலீஸ் வந்து நிற்கும். சாமி புறப்பாடு தாமதமாகும், தலைவர் பேச்சு நீளும், கச்சேரி தொடங்குவது மட்டும் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் சவுண்ட் செக்குக்கு உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதனால்தான் இத்தனையும் சொல்கிறேன். உங்கள் டோன்கள் அளவாக இருந்து, உங்கள் டி.ஐ.யிலிருந்து கேனன் ஒயரை நீட்டி "ஒரே லைன்ணே, மோனோ" என்று சொல்ல முடிந்தால் அந்த ஐந்து நிமிடம் தாராளம்.

ஆக, ஒன்றரை லட்சத்தில் முப்பதாயிரத்தை முதலில் எடுத்துத் தனியாக வையுங்கள். டி.ஐ., நல்ல ஒயர் நாலு, இயர் மானிட்டர், இரண்டு பெடல், ஆடாத ஸ்டாண்டு, யு.பி.எஸ்., மழை வந்தால் மூட ஒரு தார்ப்பாய். மிச்சத்துக்குக் கீபோர்டு, பழசாக இருந்தாலும் பரவாயில்லை. பழசு பார்க்கும்போது ஹெட்போன் கொண்டுபோய் எல்லாக் கட்டையையும் ஒரே பலத்தில் ஒவ்வொன்றாக அடியுங்கள். திடீரென்று ஒன்று மட்டும் கத்தினால் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது. மாற்றலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். பெண்டரைத் தள்ளிவிட்டு விடுங்கள், சுருதி சரியாக நடுவுக்கு வருகிறதா என்று காதால் கேளுங்கள். பின்பக்க ஓட்டையில் பின்னைச் சொருகி லேசாக ஆட்டுங்கள், கரகரவென்றால் வேண்டாம். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால் பயப்பட வேண்டாம், காலை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

உங்கள் பி.எஸ்.ஆரை மட்டும் விற்றுவிடாதீர்கள். மேடைக்குக் கீழே பெட்டியில் கிடக்கட்டும். பெரியது படுத்துக்கொள்கிற ராத்திரி ஒன்று எப்படியும் வரும். அதில் பெரும்பாலும் தனி அவுட்புட் இருக்காது, ஹெட்போன் ஓட்டைதான் அவுட்புட். அது ஸ்டீரியோ ஓட்டை, மோனோ பி-38-ஐ நேராகச் சொருகினால் ஒரு பக்கம் ஷார்ட் ஆகும். ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோவாகப் பிரிகிற ஒய் ஒயர் ஒன்று வாங்கி, அதில் இடது பக்கத்தை மட்டும் டி.ஐ.யில் கொடுங்கள். அந்த ஒயரை பி.எஸ்.ஆர். பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள், வேறு எங்கே வைத்தாலும் அன்றைக்குக் கிடைக்காது.